டெக் நிறுவனம் ஜெயிக்கச் சந்தையையே பிடிக்க வேண்டுமா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறீர்கள். கடை மேசையில் இருக்கும் சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டதாகச் சத்தமாகச் சொல்கிறது. நாடு முழுக்க இப்படி நடக்கும் யுபிஐ பரிமாற்றங்களில் 100க்கு ஏறத்தாழ 80, போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாகப் போகின்றன. இவ்வளவு பெரிய சந்தைப் பிடியை வேறு தொழிலில் பார்ப்பது கடினம். ஆனாலும் நீங்கள் கொடுத்த பணத்திலிருந்து அந்தச் செயலிக்கு ஒரு பைசா கமிஷன் போகவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்த நிறுவனங்களுக்கு வருமானம் பக்கத்து வழிகளில்தான் வருகிறது: பேசும் பெட்டிக்கு மாத வாடகை, ரீசார்ஜ், கடன், காப்பீடு, விளம்பரம், அரசு தரும் ஊக்கத்தொகை.

சந்தையைப் பிடிப்பதும் காசு பார்ப்பதும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் பல இளைஞர்கள் தொழிலைத் தொடங்குகிறார்கள், அல்லது தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள். "கூகுள் இருக்கும்போது நாம என்ன பண்ண முடியும்?" என்ற கேள்வி பொறியியல் கல்லூரி விடுதிகளில் அடிக்கடி கேட்கும். அதற்குப் பதில் தேட, முதலில் சில சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தைப் பங்கு என்பது ஒரு கணக்கு. ஒரு பொருளுக்கு நடக்கும் மொத்த விற்பனையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லும். சந்தை ஆதிக்கம் என்பது வலு. போட்டியாளர் என்ன செய்கிறார், வாடிக்கையாளர் என்ன நினைக்கிறார் என்று பார்க்காமல் உங்கள் இஷ்டத்துக்கு விலையும் விதியும் வைக்க முடிகிற நிலை அது. பங்கு பெரிதாக இருந்தும் வலு இல்லாமல் இருக்கலாம். யுபிஐ செயலிகள் அதற்கு உதாரணம். ஒரே போனில் மூன்று செயலிகள் வைத்துக்கொள்ளலாம், எந்தச் செயலியில் இருந்தும் எந்தக் கடைக்கும் பணம் போகும். நாளைக்கே ஒரு செயலி கட்டணம் கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துச் செயலிக்குப் போக ஒரு நிமிஷம் போதும்.

வெற்றி என்பதை நாம் இங்கே எளிமையாக வைத்துக்கொள்வோம்: மாதாமாதம் சம்பளம், வாடகை, வரி எல்லாம் போக மிச்சம் இருக்கிறது, வாடிக்கையாளர் விட்டுப் போகாமல் இருக்கிறார், அடுத்த பொருளைச் செய்ய யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இதற்கு எவ்வளவு பெரிய பங்கு வேண்டும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பூ மண்டிக் கணக்கு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. விடியற்காலையில் விவசாயிகள் மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள். விலை மணிக்கு மணி மாறும். முகூர்த்த நாளில் மல்லி கிலோ ஆயிரங்களைத் தொடும், சாதாரண நாளில் சில நூறுகளில் கிடக்கும். ஒவ்வொரு விவசாயிக்கும் எடை, அன்றைய விலை, கமிஷன் கழிவு, முன்பு வாங்கிய முன்பணத்தில் இன்று எவ்வளவு பிடித்தம், மீதி எவ்வளவு என்று சீட்டு போட வேண்டும். கணக்குப்பிள்ளை இதை நோட்டில் எழுதுகிறார். இதற்கு ஒரு மென்பொருள் செய்து விற்க ஆறு பேர் கொண்ட ஒரு நிறுவனம் மதுரையில் தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் பாடத்துக்காக வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

மாதச் செலவு: ஆறு பேருக்குச் சராசரி 35,000 வீதம் சம்பளம் 2,10,000. வாடகை, மின்சாரம், இணையம் 30,000. சர்வர் 15,000. பயணம், ஆடிட்டர், இதர செலவு 25,000. ஆக மொத்தம் 2,80,000 ரூபாய். ஒரு கடை இருந்தாலும் ஆயிரம் கடை இருந்தாலும் ஆகும் நிலைச் செலவு இது.

ஒரு கடையிடம் மாதம் 800 ரூபாய் வாங்குகிறீர்கள். அந்தக் கடைக்கென்று தனியாக ஆகும் எஸ்எம்எஸ், போன் உதவி, பணம் வசூல் செலவு 200. கையில் நிற்பது 600. நிலைச் செலவை இதால் வகுத்தால் 467 கடை. இத்தனை கடை சேர்ந்தால் கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகும்.

பெரும்பாலான திட்ட அறிக்கைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. தப்பு இங்கேதான் நடக்கிறது. கடைகள் விலகும். கணக்குப்பிள்ளை மாறுவார், புதியவருக்கு நோட்டுதான் வசதி என்பார். மாதம் 100 கடையில் 3 கடை விலகுகிறது என்று வையுங்கள். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் ஆண்டு முடிவில் இன்று இருக்கும் 100 கடையில் 30 இருக்காது. விலகிய இடத்துக்குப் புதுக் கடை பிடிக்கப் பேருந்துச் செலவு, இரண்டு நாள் மண்டியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆளின் கூலி என்று கடைக்கு 3,000 ஆகிறது என்றால், இருக்கும் ஒவ்வொரு கடையும் தரும் 600ல் மாதம் 90ஐ அதற்கு எடுத்து வைக்க வேண்டும். மிஞ்சுவது 510. இப்போது வகுத்தால் 550 கடை வேண்டும். விலகல் மாதம் 3 என்பது 10 ஆனால் மிஞ்சுவது 300தான், கடையோ 934 வேண்டும். விற்பனை ஆளைக் கூட்டுவதற்கு முன்னால் விலகலைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

இனி, சந்தையைப் பிடிக்கிறேன் என்று விலையைப் பாதியாக்கிப் பாருங்கள். 800 இப்போது 400. கடைக்கான செலவு 200 அப்படியே இருக்கும், புதுக் கடை பிடிக்க ஒதுக்கும் 90ம் அப்படியே. கையில் நிற்பது 110 ரூபாய். தேவைப்படும் கடைகள் 2,546. விலை பாதியானால் கடை இரண்டு மடங்கு போதும் என்றுதான் மனசு சொல்லும். கணக்கு நாலரை மடங்குக்கு மேல் கேட்கிறது. அத்தனை கடைக்கு ஆறு பேரால் போன் எடுத்து மாளாது. ஆள் கூடும், நிலைச் செலவு ஏறும், தேவைப்படும் கடை இன்னும் ஏறும்.

முதல் விலையில் தேவைப்பட்டது 550. மதுரையோடு திண்டுக்கல், நிலக்கோட்டை, தோவாளை, சத்தியமங்கலம் பூச்சந்தைகள், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, கோயம்பேடு என்று எண்ணிக்கொண்டே போனால் கமிஷன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் 550 என்பது ஆதிக்கத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஆறு குடும்பம் நிம்மதியாகச் சாப்பிடும், பொருளும் வருஷா வருஷம் மெருகேறும்.

ஒரே நிறுவனம், இரண்டு சந்தை

தென்காசி மத்தளம்பாறையில் கிளை வைத்திருக்கும் ஸோஹோவைத் தெரியாதவர் தெற்கில் குறைவு. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009ல் ஸோஹோ ஆனது. வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல் வளர்ந்தது. அது விற்கும் அலுவலக மென்பொருளிலும் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளிலும் மைக்ரோசாப்ட், கூகுள், சேல்ஸ்போர்ஸ் என்று மலைகள் நிற்கின்றன. எந்தப் பெரிய பிரிவிலும் ஸோஹோ உலகச் சந்தையை ஆளவில்லை. இருந்தும் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. ஒரு கம்பெனி ஸோஹோவில் கணக்கு எழுதினால், அடுத்த கம்பெனி எதில் எழுதுகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பொருள் தன்னளவில் பயன்படுகிறது.

அதே நிறுவனம் 2021ல் அரட்டை என்ற செய்திச் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் திடீரென்று பதிவிறக்கங்கள் குவிந்து ஆப் ஸ்டோர் பட்டியலில் மேலே வந்தது. ஆனால் பதிவிறக்கம் செய்தவர் உள்ளே போய்ப் பார்த்தால் அம்மா இல்லை, தெருக் குழு இல்லை, பள்ளி வகுப்புக் குழு இல்லை. எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். செயலி நன்றாக இருந்தும் பேச ஆள் இல்லாவிட்டால் அதற்குப் பயன் இல்லை. அதே பொறியாளர்கள், அதே பணம், அதே பொறுமை. மாறியது சந்தையின் குணம் மட்டுமே.

இந்தக் குணத்தை வலைப்பின்னல் விளைவு என்பார்கள். 10 பேர் இருக்கும் செயலியில் 45 ஜோடிகள் பேசிக்கொள்ளலாம். 100 பேர் இருந்தால் 4,950 ஜோடிகள். ஆள் 10 மடங்கு, தொடர்புகள் 110 மடங்கு. முதலில் பெரிதானவர் மேலும் பெரிதாவார். பின்னால் வருபவர் எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் திணறுவார். கூகுளே 2011ல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தைத் தொடங்கி, பேஸ்புக்கை அசைக்க முடியாமல் 2019ல் பொதுமக்களுக்கான சேவையை மூடியது. நம்மில் பலர் கணக்கு வைத்திருந்த இன்னொரு சமூக வலைத்தளமான ஆர்குட் 2014ல் மூடப்பட்டதும் இதே விளைவு திரும்பி அடித்ததால்தான்: நண்பர்கள் கிளம்பத் தொடங்கினால் கூடாரம் வேகமாகக் காலியாகும்.

ஆக, இந்த வகைத் தொழிலில் ஆதிக்கம் வேண்டுமா? வேண்டும், ஆனால் எந்த எல்லைக்குள் என்று கேட்க வேண்டும். ஆட்டோ அழைக்கும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தியா முழுக்க முதலிடம் தேவையில்லை. 300 ஆட்டோ மதுரை முழுக்கச் சிதறி நின்றால், கூப்பிட்டவர் பதினைந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு ரத்து செய்வார். 60 ஆட்டோ மட்டும், ஆனால் எல்லாம் மாட்டுத்தாவணி, கே.கே.நகர், அண்ணா நகர் வட்டத்துக்குள் நின்றால் நாலு நிமிஷத்தில் வண்டி வரும். ஓட்டுநருக்கும் சும்மா நிற்கும் நேரம் குறையும். அந்த வட்டம் நிரம்பிய பிறகு பெரியார் பேருந்து நிலையப் பக்கம் போகலாம். எடுத்த எடுப்பில் நகரம் முழுக்கப் பரப்புவது இந்தத் தொழிலில் நடக்கும் மிகச் சாதாரணமான, மிகச் செலவு பிடிக்கும் தவறு.

அளவு கட்டாயம் வேண்டிய இன்னொரு வகை, முதல் பொருள் வெளிவருவதற்கு முன்பே மலைபோல் பணம் கொட்ட வேண்டியவை: சிப் தொழிற்சாலை, செல்போன் சேவை, தரவு மையம். அலைக்கற்றைக்கும் கோபுரத்துக்கும் போட்ட பணத்தைக் கோடிக்கணக்கான சந்தாதாரர் தலையில் பிரித்தால்தான் கட்டுப்படியாகும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு சின்னச் சேவைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஏர்செல் 2018ல் திவாலுக்கு விண்ணப்பித்தது. இந்த வகையில் சிறியவராக நுழைவதை நாம் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

முதலிடம் எவ்வளவு நாள் காப்பாற்றும்?

2007 வாக்கில் உலகில் விற்ற பத்து கைபேசிகளில் ஏறத்தாழ நான்கு நோக்கியா. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்து ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தது. கைபேசிப் பிரிவு 2014ல் மைக்ரோசாப்ட் கைக்குப் போனது, அதே ஆண்டு நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை நின்றது. பேசும் கருவியாக இருந்த போன், செயலிகள் ஓடும் கணினியாக மாறியபோது நோக்கியாவின் பங்கு அதற்குக் கைகொடுக்கவில்லை. மாறாக, இருக்கும் பெரிய வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் மாற வேண்டும் என்ற தயக்கம்தான் பெரிய நிறுவனங்களுக்கு வரும் நோய்.

ஆப்பிளைப் பாருங்கள். உலகில் விற்கும் ஐந்து ஸ்மார்ட்போன்களில் ஏறத்தாழ ஒன்றுதான் ஐபோன். மற்றவை கிட்டத்தட்ட எல்லாம் ஆண்ட்ராய்டு. ஆனால் அந்தத் தொழிலின் லாபத்தில் பெரும்பங்கு ஆப்பிளிடம் போகிறது. 1997ல் மூடும் நிலைக்கு வந்து, போட்டியாளரான மைக்ரோசாப்டிடமே 15 கோடி டாலர் முதலீடு வாங்கிய நிறுவனம் அது.

மதுரைக்குள்ளேயே இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தேவைப்பட்டது. இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலருக்கும் மேல். ஏழை நோயாளிக்கு அது கட்டாது. 1992ல் ஆரோலேப் தொடங்கி, 10 டாலர் அளவில் லென்ஸைச் செய்தார்கள். பின்னர் விலை இன்னும் இறங்கியது. இன்று வீரபாஞ்சானில் செய்யும் லென்ஸ் 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. உலகச் சந்தையின் முதலிடம் அல்கான் போன்ற பன்னாட்டு நிறுவனங்களிடமே இருக்கிறது. ஆரோலேப் அறக்கட்டளை அமைப்பு என்பதால் அதன் நோக்கம் வேறு என்றாலும், தொழில் செய்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: முதல் லென்ஸ் வெளிவரும் முன்பே அதை வாங்க, பயன்படுத்தி, குறை சொல்ல ஒரு மருத்துவமனை தயாராக இருந்தது. நிச்சயமான முதல் வாடிக்கையாளர் கிடைத்தால், சந்தைப் பங்கைப் பற்றி ஐந்து வருஷம் யோசிக்க வேண்டாம்.

அப்படியானால் "நம்பர் ஒன்" பேச்சு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் முதலீட்டு நிதிகளிடமிருந்து. அவர்களுடைய கணக்கு வேறு. பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுள் கொண்ட ஒரு நிதி, பல நிறுவனங்களில் பணம் போடும். பல படுத்துவிடும், சில போட்டதைத் திருப்பித் தரும், ஒன்றிரண்டு பல மடங்கு பெருகி மற்ற எல்லா நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு நிறுவனத்தையும் "நீ சந்தையைப் பிடி" என்றே அவர்கள் தள்ளுவார்கள். ஆண்டுக்கு 60 லட்சம் லாபம் தரும் மண்டி மென்பொருள் உரிமையாளருக்குச் சொர்க்கம், அந்த நிதிக்கு அது தோல்வி. அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் தொழில் அப்படி. ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் நாளிலேயே வெற்றியின் அளவுகோல் உங்கள் கையை விட்டுப் போகிறது என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி ஆதிக்கத்தில் இருப்பது குற்றமில்லை. அந்த வலுவைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தப் பிரிவில்தான். யுபிஐயிலும் ஒரு செயலியின் பங்கு மொத்தப் பரிமாற்றங்களில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பு 2020லேயே வரம்பு அறிவித்து, நிறைவேற்றும் கெடுவை 2026 இறுதி வரை தள்ளி வைத்தது. உச்சிக்குப் போனவருக்கு இந்தத் தலைவலியும் கூடவே வரும்.

உங்கள் சந்தை எது என்று கண்டுபிடிக்க

பத்து வாடிக்கையாளரிடம் நேரில் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, அடுத்த மாசம் நூத்துக்குப் பத்து விலை ஏத்துனா என்ன பண்ணுவீங்க?" சலித்துக்கொண்டே கட்டுவேன் என்பவர் அதிகமாக இருந்தால், அந்தச் சின்ன வட்டத்துக்குள் உங்களுக்கு வலு இருக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் போவேன் என்றால் டேலி உங்கள் போட்டியாளர். பழைய நோட்டுக்கே போவேன் என்றால் நோட்டுதான் போட்டியாளர். நோட்டைவிட வேகமாகச் சீட்டு போடுவதே உங்கள் வேலை. விவசாயி வரிசையில் நிற்கும்போது நாலு முறை பொத்தான் அழுத்த வைக்கும் மென்பொருள் நோட்டிடம் தோற்கும்.

ஆதிக்கம் இல்லாத நிறுவனங்கள் விழுவது பெரும்பாலும் வேறு பள்ளங்களில். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் 40 சதவீதம் வந்தால், அவர் ஒரு நாள் போனை எடுக்காவிட்டால் இங்கே சம்பளம் நிற்கும். எந்த ஒருவர் பங்கும் 15 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கடையும் கேட்ட மாற்றத்தைத் தனித்தனியாகச் செய்து கொடுத்தால், ஒரே மென்பொருள் நாற்பது வடிவமாகி, ஒரு பிழையை நாற்பது இடத்தில் திருத்த வேண்டி வரும். கழிவு விகிதம், சீட்டின் அமைப்பு, பூவின் பெயர் போன்றவற்றைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளும் அமைப்பாக வைத்துவிட்டு, அதற்கு மேல் கேட்டால் தனிக் கட்டணம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மொத்தப் பொருளும் வேறொருவர் மேடையில் நின்றால், அவர் விதி மாற்றிய அன்று உங்கள் கடை மூடும். சீட்டு வாட்ஸ்அப்பில் போகட்டும், ஆனால் எஸ்எம்எஸ்ஸிலும் காகிதத்திலும் போக வழி இருக்கட்டும்.

பெரிய நிறுவனம் இதையே இலவசமாகக் கொடுத்தால்? பதற வேண்டாம், வாடிக்கையாளர் எதற்குக் காசு தருகிறார் என்று பிரித்துப் பாருங்கள். பில் போடுவது இலவசமாகலாம். விவசாயியின் முன்பணப் பிடித்தக் கணக்கு, பாதி நாளில் மாறிய விலையில் சீட்டு, காலை நாலரை மணிக்கு "சீட்டு வரலையே தம்பி" என்று கூப்பிட்டால் மறுமுனையில் தமிழில் பதில் சொல்லும் குரல், இவை இலவசப் பட்டியலில் சீக்கிரம் வராது. ஆனால் நீங்கள் விற்பது பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி மட்டும்தான் என்றால், ஏற்கனவே கடைக்காரர் வைத்திருக்கும் ஏதாவது ஒரு செயலியில் அது சீக்கிரமே ஒரு பொத்தானாக வந்துவிடும். அந்த ஒரு வசதியை நம்பி ஆறு பேரை வேலைக்கு எடுக்காதீர்கள். பிடித்தக் கணக்கை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதை இரண்டு முகூர்த்த நாள் நெரிசலில் மண்டியில் ஓட்டிப் பார்த்த பிறகு ஆள் எடுங்கள்.